ஈஃபில் டவர் போட்டோ போட்டீங்க, ஃபைன் ரசீதை ஏன் போடல?

என் பர்ஸில் ஒரு ரசீது இருக்கு. 60 யூரோ. நம்ம பணத்துக்கு கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய். ஊருக்குத் திரும்பி வந்து மாசக்கணக்காகியும் அதைக் கிழிச்சுப் போட மனசு வரல. யார்கிட்டயும் காட்டவும் இல்ல. இந்தக் கட்டுரைக்காகத்தான் முதல் தடவையா வெளியே எடுக்கிறேன்.

போன கோடை விடுமுறையில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக லேபில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப். ஃப்ளைட் டிக்கெட்டுக்கு அம்மாவோட செயின் அடகுக்குப் போச்சு. ஸ்டைபெண்ட் வந்ததும் மீட்டுடலாம்னு கணக்கு. போய் இறங்கி நாலாவது நாள். ட்ராம் ஸ்டாப்பில் மெஷினில் காசு போட்டு டிக்கெட் வாங்கினேன். பத்திரமா பர்ஸுக்குள் வச்சேன். ஏறி உட்கார்ந்தேன். மூணாவது ஸ்டாப்பில் சாதாரண ஜீன்ஸ், டீ-ஷர்ட் போட்ட ஒருத்தர் ஏறினார். கதவு மூடினதும் கழுத்தில் இருந்த கார்டைக் காட்டி டிக்கெட் கேட்டார். பெருமையா எடுத்து நீட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தார். "ஸ்டாம்ப் எங்கே?" என்றார்.

ஸ்டாம்பா?

ட்ராமுக்குள் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி இருந்திருக்கு. டிக்கெட்டை அதில் சொருகினா தேதியும் நேரமும் அச்சாகும். அப்படி அச்சாகாத டிக்கெட், டிக்கெட்டே இல்ல. நான் எவ்வளவோ சொன்னேன். எல்.கே.ஜி-யில் இருந்து இங்கிலீஷ் மீடியம், ஸ்பீக்கிங் காம்பெடிஷனில் கப் வாங்கினவன், அன்னைக்குப் பேசின இங்கிலீஷ் எதுவும் வேலைக்கு ஆகல. அவர் கோபப்படவும் இல்ல, திட்டவும் இல்ல. ரசீதை எழுதிக் கொடுத்துட்டு அடுத்த ஆள்கிட்ட போய்ட்டார்.

அன்னைக்கு ராத்திரி அம்மா வீடியோ காலில், "சாப்பிட்டியாப்பா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டாங்க. "சூப்பரா இருக்கும்மா" என்று சொன்னேன். மறுநாள் ஒரு கோட்டைக்கு முன்னாடி நின்னு சிரிச்சு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். 140 பேர் பார்த்தாங்க.

இது என்னோட முட்டாள்தனம், விடுங்க. ஆனா திரும்பி வந்ததும் நடந்ததைக் கேளுங்க. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அதே மாதிரி ஜெர்மனி போய்ட்டு வந்த சீனியர் அண்ணன் ஒருத்தர் கேம்பஸுக்கு வந்திருந்தார். டீக்கடையில் நின்னுட்டு இருந்தப்போ தயங்கித் தயங்கி இந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயை வச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "டேய், எனக்கும் அதே 60 யூரோடா!"

எனக்குச் சிரிப்பு வரல. "அண்ணா, நான் கிளம்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசினேனே. எங்கே போகணும், என்ன பார்க்கணும், எந்தப் பாலத்தில் சன்செட் நல்லா இருக்கும்னு எல்லாம் சொன்னீங்களே. இதை ஏன் சொல்லல?"

அவர் கொஞ்சம் யோசிச்சார். "அசிங்கமா இருந்துச்சுடா" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையே. ஐரோப்பா போற நம்ம ஆட்கள் செய்யுற தவறுகளில் பெரும்பாலானது அறிவுக் குறைவால் வர்றதில்ல. நமக்கு முன்னாடி போனவங்க வெட்கப்பட்டு மறைச்சதால் வருது. அந்த வெட்கத்துக்கான கட்டணத்தை ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனியா யூரோவில் கட்டிட்டு இருக்கோம்.

அதனால் இங்கே நான் மறைக்கப் போறதில்ல. என் தவறுகளையும், கூட இருந்தவங்க "பேர் போடாதே" என்று சொல்லி அனுமதி கொடுத்த தவறுகளையும் வரிசையா சொல்றேன்.

ஐரோப்பா ஒரு நாடு இல்ல

நாம "யூரோப் போறேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிடுறோம். அங்கேதான் முதல் தவறு ஆரம்பிக்குது. ஐரோப்பிய ஒன்றியம் வேற, ஷெங்கன் பகுதி வேற, யூரோ பணம் புழங்குற நாடுகள் வேற. மூணும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாத மூணு வட்டம். செட் தியரி வென் டயக்ராம் ஞாபகம் இருக்கா? அதேதான். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்ல, பணம் ஃப்ராங்க். அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, யூரோவும் உண்டு, ஷெங்கனில் இல்ல. இங்கிலாந்து மூணிலும் இல்ல.

எங்க ஹாஸ்டலில் டெல்லி பையன் ஒருத்தன் இருந்தான். வார இறுதியில் லண்டன் போகலாம்னு மலிவா ஃப்ளைட் கிடைக்குதேன்னு புக் பண்ணிட்டான், ரூமும் புக் பண்ணிட்டான். அப்புறம்தான் இங்கிலாந்துக்குத் தனி விசா வேணும்னு தெரிஞ்சது. சரி, அந்த விசாவும் எடுத்துடலாம்னு வச்சுக்கங்க. அவன் கையில் இருந்த ஷெங்கன் விசா சிங்கிள் என்ட்ரி. லண்டனுக்கு ஒரு நாள் போனாலும் ஷெங்கனை விட்டு வெளியே போன கணக்கு. திரும்பி ஜெர்மனிக்குள் நுழையவே முடியாது, லேபில் அவன் லேப்டாப் அனாதையா கிடந்திருக்கும். ஃப்ளைட் காசும் போச்சு, ரூம் காசும் போச்சு. விசா ஸ்டிக்கரில் என்ட்ரி எத்தனைன்னு போட்டிருக்கிற அந்தச் சின்னக் கட்டத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்ல.

டூரிஸ்டா போறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். விண்ணப்பத்தை அதிக நாள் தங்கப்போற நாட்டுக்குத்தான் போடணும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையுற நாடு. "அந்த எம்பஸியில் ஈசியா கிடைக்குமாம்" என்று எவனோ சொன்னான்னு மாத்திப் போடாதீங்க. ரெண்டாவது, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். இறங்குற நாளும் கிளம்புற நாளும் அந்த 90-க்குள் சேரும். முன்னாடி பாஸ்போர்ட்டில் குத்தின முத்திரையைப் பார்த்து ஆபீசர் எண்ணுவார். 2025 அக்டோபர் 12-ல் இருந்து கைரேகை, முகப்படத்தோட கம்ப்யூட்டரில் பதிவு பண்ற முறை வந்தாச்சு. கூட்டல் கழித்தலை இனி மெஷின் செய்யும். ஒரு நாள் தவறினாலும் அதுக்குத் தெரியும்.

அம்மா கட்டிக் கொடுத்த நெய்

அடுத்து, நம்ம பையில் இருக்கிற தவறு. இதைச் சொன்னா வீட்டில் சண்டை வரும், ஆனாலும் சொல்றேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வர்ற பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டு போகக்கூடாது. பால் பொருள் என்றால் நெய், பால்கோவா, பால் ஸ்வீட் எல்லாம்தான். செடி, பழம், இலை என்றால் அதுக்கு நோயில்லைன்னு தாவரச் சான்றிதழ் வேணும். கறிவேப்பிலைக் கொத்துக்கு யார் சான்றிதழ் வாங்குவாங்க? சான்றிதழ் தேவையில்லாத பழம் அஞ்சே அஞ்சுதான்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் இதெல்லாம் பிரச்சினை இல்லாம வந்தது. அதுதான் என் உயிரைக் காப்பாத்துச்சு, எப்படின்னு சொல்றேன்.

நான் இறங்கினது சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை காலையில் அரிசி, பால், முட்டை வாங்கலாம்னு கிளம்பினேன். ஊரே கர்ஃப்யூ போட்ட மாதிரி இருந்துச்சு. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் சூப்பர் மார்க்கெட்டில் இருந்து துணிக்கடை வரை அடைப்பு. சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள், பெட்ரோல் பங்க் மாதிரி சில இடங்கள்தான் விதிவிலக்கு. அது எனக்கு யார் சொன்னா? முறுக்கையும் பருப்புப்பொடியையும் வச்சு அந்த நாளை ஓட்டினேன். அதனால் எந்த நாட்டில் இறங்கினாலும் முதல் நாள் சாப்பாடு பையிலேயே இருக்கட்டும்.

ஏ.டி.எம். கேட்கிற அந்தக் கேள்வி

கோயம்புத்தூர் பொண்ணு ஒருத்தி, எங்க க்ரூப்பிலேயே கணக்கில் புலி. ஏ.டி.எம்-மில் 200 யூரோ எடுக்கப் போனா. ஸ்க்ரீனில் ஒரு கேள்வி வந்துச்சு: உங்க கணக்கில் ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவில் கழிக்கட்டுமா? ரூபாய் என்றால் எவ்வளவுன்னு உடனே தெரியுதே, பாதுகாப்பா இருக்கேன்னு ரூபாயை அழுத்திட்டா. அங்கேதான் மாட்டிக்கிறோம். ரூபாயை அழுத்தினா மாத்து விலையை அந்த மெஷின்காரன் தன் இஷ்டத்துக்கு வைப்பான். யூரோவை அழுத்தினா நம்ம கார்டு நெட்வொர்க்கோட விலை, அதுக்கு மேல நம்ம பேங்க்கோட கமிஷன். பெரும்பாலும் ரெண்டாவதுதான் மலிவு. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். ஞாபகம் வச்சுக்கங்க: எந்த நாட்டில் நிக்கிறோமோ அந்த நாட்டுப் பணம்.

இன்னொண்ணு. புதுசா கிடைக்கிற கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப் ஆகித்தான் வரும், 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதி. இங்கே இருக்கும்போதே பேங்க் ஆப்பில் ஆன் பண்ணிடுங்க. ஓ.டி.பி. வர்றது நம்ம ஊர் நம்பருக்குத்தான். அங்கே போய் இந்திய சிம்மைக் கழட்டி டிராயரில் போட்டுட்டு, "பேமென்ட் போகலையே" என்று ராத்திரி முழுக்க முழிச்சவன் நான்.

எண்ணெய் தீர்ந்தது டூரிஸ்ட்டுக்கு மட்டும்தான்

சீக்கிரமா சில விஷயங்கள். பாரிஸ் லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை. ரெண்டு நாள் பாரிஸுக்குத் திங்கள், செவ்வாயைத் தேர்ந்தெடுத்தவன் எவ்வளவு பெரிய அதிர்ஷ்டசாலின்னு பார்த்துக்கங்க. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது, ஆன்லைன் மட்டும்தான். ரோமில் ஸ்பானிஷ் படிக்கட்டில் கால் வலிக்குதுன்னு உட்கார்ந்தா அபராதம், 2019-ல் இருந்து. வெனிஸுக்குக் காலையில் போய் சாயங்காலம் திரும்புறவங்களுக்கு சீசனில் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம், 2024-ல் ஆரம்பிச்சது. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷனில் இருக்கிற மெஷினில் குத்தணும். என் கதைதான், வேற மொழியில்.

மலிவு ஃப்ளைட்டில் ஊர் பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. "பாரிஸ்" என்று போட்டிருக்கிற போவே விமான நிலையம் பாரிஸில் இருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல. "ஃபிராங்க்ஃபர்ட்" என்று போட்டிருக்கிற ஹான், ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து சுமார் 120. திருச்சியில் இறங்கி இதுதான் மதுரைன்னு சொல்ற மாதிரி. டிக்கெட்டில் மிச்சம் பிடிச்ச காசு பஸ்ஸுக்குப் போயிடும்.

ஜெர்மனியில் ஒரு மாசத்துக்கு மேல தங்குறவங்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒரு வரப்பிரசாதம். நாடு முழுக்க டவுன் பஸ், ட்ராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாம் ஒரே மாதக் கட்டணத்தில். 2023 மே-யில் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58, 2026-ல் 63. ஆனா அதிவேக ஐ.சி.இ. ரயிலில் செல்லாது. அது மாதச் சந்தா, தானா முடியாது. 10-ம் தேதிக்குள் ரத்து பண்ணினாத்தான் அந்த மாசக் கடைசியில் நிக்கும். இல்லேன்னா நீங்க சென்னையில் பரோட்டா சாப்பிட்டுட்டு இருக்கும்போது அங்கே ட்ராமுக்குக் காசு போயிட்டே இருக்கும்.

காலி தண்ணி பாட்டிலைக் குப்பையில் போடாதீங்க. பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் டெபாசிட் விலையிலேயே சேர்ந்திருக்கு. சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டா திரும்பக் கிடைக்கும். முதல் ரெண்டு வாரம் நான் எறிஞ்ச பாட்டிலை எல்லாம் எண்ணிப் பார்த்தா வயித்தெரிச்சல்.

ஏன் இவ்வளவு கறார்?

ஃபைன் கட்டின அன்னைக்கு எனக்கு ஒரே கோபம். டிக்கெட் வாங்கியிருக்கேன், என் நேர்மைக்கு மதிப்பே இல்லையா? அப்புறம் இன்ஜினியரிங் மூளையை வச்சு யோசிச்சேன்.

சென்னை மெட்ரோவில் எல்லாரையும் கேட்டில் நிறுத்தி செக் பண்றோம். அங்கே ட்ராமுக்கு கேட்டே கிடையாது. எல்லா ஐட்டத்தையும் சோதிக்காம சாம்பிள் எடுத்துப் பார்க்கிற குவாலிட்டி கன்ட்ரோல் மாதிரிதான் அது. டிக்கெட் 3 யூரோ, ஃபைன் 60 என்று வச்சுக்கங்க. இருபது பயணத்தில் ஒரு தடவை மாட்டினாலே டிக்கெட் எடுக்காதவனுக்கு லாபம் இல்ல. அதனால் கேட்டுக்கும் ஆளுக்கும் செலவு பண்ணாம சிஸ்டம் ஓடுது. இதில் ஸ்டாம்ப்தான் முக்கியம். ஸ்டாம்ப் இல்லாத டிக்கெட்டை இன்னைக்குக் காட்டிட்டு நாளைக்கும் காட்டலாம், மறுநாளும் காட்டலாம். அந்தப் பெட்டியில் எழுதியிருந்த "என்ட்வெர்ட்டன்" என்ற வார்த்தைக்கு மதிப்பை எடுத்துவிடுதல்னு அர்த்தம். ஒரு தடவை பயன்படுத்தியாச்சு, இனி இதுக்கு மதிப்பில்லைன்னு நாமே அடிச்சுக்கிற முத்திரை. என் மனசில் என்ன இருந்துச்சுன்னு செக்கருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சது காகிதம் மட்டும்தான்.

இதில் இன்னொரு சிக்கல், ஊருக்கு ஊர் வேற. சில ஊர் மெஷினில் ஸ்டாம்ப் அடிச்சே டிக்கெட் வரும். சில ஊரில் நாமதான் அடிக்கணும். ஆகவே "ஜெர்மனியில் இப்படி" என்று மொத்தமா மனப்பாடம் பண்ணிப் பயனில்ல. ஏறுறதுக்கு முன்னாடி பக்கத்தில் நிக்கிறவங்ககிட்ட டிக்கெட்டைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்கணும். அவ்வளவுதான். ரெண்டு செகண்டு.

அந்த ரெண்டு செகண்டை நான் ஏன் செலவழிக்கல? இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசிச்சேன். அன்னைக்கு அந்த ஸ்டாப்பில் ஒரு பாட்டி நின்னுட்டு இருந்தாங்க. டிக்கெட்டில் ஏதோ ஜெர்மனில் எழுதியிருக்குன்னும் பார்த்தேன். போனில் கேமராவைக் காட்டினாலே மொழிபெயர்த்துக் கொடுக்கும். எதுவும் செய்யல. ஏன்னா தெரியாதவன் மாதிரி தெரியக்கூடாது. கிளாஸில் "எனி டவுட்ஸ்?" என்று சார் கேட்கும்போது அறுபது பேரும் குனிஞ்சு நோட்டைப் பார்ப்போமே, அதே வியாதிதான். டவுட் கேட்டா முட்டாள்னு நினைப்பாங்கன்னு பதினாறு வருஷம் பழகின உடம்பு, ட்ராம் ஸ்டாப்பில் மட்டும் எப்படி வாயைத் திறக்கும்?

பாரிஸில் ஒரு மளிகைக்கடை

ஒரே ஒரு தடவை தப்பிச்ச கதையும் இருக்கு. பாரிஸ் போனப்போ லா ஷப்பல் போனேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பகுதி. ஈழத்தில் இருந்து போன தமிழர்களோட கடைகள் வரிசையா இருக்கும், போர்டு எல்லாம் தமிழில். ஒரு மளிகைக்கடைக்குள் நுழைஞ்சு இங்கிலீஷில் ஏதோ விலை கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா தமிழிலேயே பதில் சொன்னாங்க. அப்புறம் என் முதுகில் தொங்கின பேக்கைப் பார்த்தாங்க.

"தம்பி, பையை முன்னுக்குப் போடுங்கோ. பின்னுக்குப் போட்டா அது உங்கட பை இல்லை."

சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் கயிறு கட்டிவிட்டு காசு கேட்கிறவங்க, கையெழுத்து வேட்டைன்னு அட்டையை நீட்டி நம்ம கவனத்தைத் திருப்புறவங்க, மெட்ரோ கதவு மூடும்போது போனைப் பறிச்சுட்டு இறங்குறவங்கன்னு அஞ்சு நிமிஷத்தில் எல்லாம் சொன்னாங்க. "பாஸ்போர்ட்டை ரூமில பத்திரமா வச்சிட்டு கொப்பி கொண்டு திரியுறனியளோ?" என்று கேட்டாங்க. இல்லைன்னு சொன்னதுக்கு ஒரு பார்வை பார்த்தாங்க. வேற ஊருக்குப் போகும்போது ஒரிஜினலும் வேணும், ஆனா அது பேன்ட் பின்பாக்கெட்டில் இருக்கக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. உள்ளே போடுற சின்னப் பையில் பாஸ்போர்ட், போனிலும் மெயிலிலும் அதோட ஸ்கேன். தொலைஞ்சா முதலில் போலீஸில் புகார், அப்புறம் நம்ம தூதரகம். அவசரச் சான்றிதழ் கொடுப்பாங்க, ஆனா அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான். படிப்பும் டூரும் அதோட முடிஞ்சது. ஆபத்து என்றால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112.

அந்த அம்மா எனக்கு யார்? யாரும் இல்ல. ஆனா அவங்களுக்கு நடந்ததையோ, கண்ணால் பார்த்ததையோ வெட்கமில்லாம சொன்னாங்க. அதே சாயங்காலம் மெட்ரோவில் என் பேக்கோட முன் ஜிப் பாதி திறந்திருந்துச்சு. பை முன்னாடி இருந்ததால் பார்த்தேன். பின்னாடி இருந்திருந்தா?

"இதெல்லாம் நெட்டிலேயே இருக்கே ப்ரோ"

நீங்க இப்போ இதைத்தான் நினைப்பீங்க. உண்மைதான், இருக்கு. ஆனா தேடுறதுக்கு என்ன தேடணும்னு தெரியணும். டிக்கெட்டுக்கு ஸ்டாம்ப் உண்டுன்னு தெரியாதவன் "ஸ்டாம்ப்" என்று எப்படித் தேடுவான்? அப்புறம், ரீல்ஸ் போடுறவங்க பட்ஜெட்டும் நம்ம பட்ஜெட்டும் ஒண்ணா? அவங்க வாடகைக் கார் பத்திப் பேசுவாங்க. நம்ம பேங்க் கார்டு, நம்ம காலேஜ் லெட்டர், நம்ம வீட்டு இட்லிப்பொடி இதெல்லாம் தெரிஞ்ச ஆள் நம்ம சீனியர் மட்டும்தான்.

"தப்பு பண்ணித்தான் கத்துக்கணும், அதுதான் அனுபவம்" என்றும் சிலர் சொல்வாங்க. இதில் எனக்குப் பாதி சம்மதம். வழி தெரியாம வேற தெருவில் போறது அனுபவம். சைக்கிள் பாதையில் நின்னு மணியடி வாங்குறது அனுபவம். ஆனா 60 யூரோ எனக்கு ஒரு வாரத்துக்கு மேல மளிகை. அந்த வாரம் பாஸ்தாவும் உப்பும்தான். செயினை மீட்கிறது ஒரு மாசம் தள்ளிப் போச்சு. வசதி இருக்கிறவனுக்கு அது சுவாரஸ்யமான கதை. நம்மில் பலருக்கு அது வீட்டுக்குச் சொல்ல முடியாத கணக்கு. ஒரே குழியில் ஒவ்வொரு பேட்ச்சும் விழுறதை அனுபவம்னு சொல்ல எனக்கு மனசு வரல. குழிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினா என்ன குறைஞ்சிடும்?

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல. வெளிநாடு போய்ட்டு வந்த ஒவ்வொருத்தரும், இன்டர்ன்ஷிப்போ, கான்ஃபரன்ஸோ, எக்ஸ்சேஞ்சோ, அழகான போட்டோ பத்து போடுங்க, தப்பே இல்ல. கூடவே மாட்டிக்கிட்ட ஒரு விஷயத்தையும் எழுதுங்க. எந்த ஊர், என்ன நடந்துச்சு, எவ்வளவு போச்சு, என்ன செஞ்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். நாலு வரி போதும். பேர் வேண்டாம்னா வேண்டாம். இந்த இதழிலேயே அதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கணும்னு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கிறேன். தமிழிலேயே எழுதுவோம். இங்கிலீஷில் எழுதினா எனக்கே தெரியும், நான் அந்த ஃபைனை "வேல்யூபிள் லேர்னிங் எக்ஸ்பீரியன்ஸ்" என்று அழகாக்கிடுவேன். தமிழில் எழுதினா "காசு போச்சு, அழுகை வந்துச்சு" என்று நேரா வந்துடுது.

கடைசியா ஒண்ணு. இதை எழுதுறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட சொல்லிடணும்னு தோணுச்சு. போன வாரம் வீட்டுக்குப் போனப்போ ரசீதை எடுத்து முன்னாடி வச்சேன். அம்மா உள்ளே இருந்தாங்க. அப்பா கண்ணாடியை மாட்டிட்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். ஒரு எழுத்துகூடப் புரிஞ்சிருக்காது, 60 என்ற எண்ணைத் தவிர. திட்டு விழும்னு காத்திருந்தேன்.

"நான் முதல் தடவை மெட்ராஸ் வேலை தேடிப் போனப்போ எலக்ட்ரிக் ட்ரெயினில் தெரியாம ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஏறிட்டேன். செகண்ட் கிளாஸ் டிக்கெட் கையில் இருக்கு. தாம்பரத்தில் பிடிச்சுட்டான். கையில் இருந்தது எல்லாம் போச்சு. ரெண்டு வேளை சாப்பிடல. உங்கம்மாவுக்குக்கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார்.

"ஏன்ப்பா சொல்லல?"

"எப்படிறா சொல்றது" என்று சொல்லிட்டு ரசீதை மடிச்சு என்கிட்டயே கொடுத்தார்.

அந்த ரசீதை போட்டோ எடுத்து இந்தக் கட்டுரையோட அனுப்பியிருக்கேன். என் பேரோடதான். அடுத்தது உங்களுது.